டிரில் மாஸ்டரின் சர்க்கரை

ரெட்டியார்சத்திரத்திலிருந்து தினமும் ஏழு மணி பஸ்ஸில் திண்டுக்கல் வந்துவிடுவாள் கிளாரா. ஒரு சின்ன நர்சிங் ஹோமின் கீழ்த்தள லேபில் ஒன்பது வருடமாக ரத்தம் பார்க்கிற வேலை. மாடிக்கு ரிப்போர்ட் மட்டும் போகும், அவள் போனதில்லை. டாக்டர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

1997 ஆகஸ்டில் ஒரு காலை, டிரில் மாஸ்டர் சிலுவைமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்பத்து நான்கு வயது. காய்ச்சலுக்குக்கூட ஆஸ்பத்திரிக்குப் போகாதவர். பள்ளிக்கூடம் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்தவர் வலப்பக்கமாகச் சரிந்துவிட்டார். வாய் கோணிப்போய்ப் பேச்சு குழறியது.

அவர் ரத்தத்தைச் சுழலவிட்டு எடுத்த கிளாரா திடுக்கிட்டாள். மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் பால்போல வெளுத்துக் கிடந்தது. அவ்வளவு கொழுப்பு! அவசரமாகச் சர்க்கரைக்கு வைத்தாள்.

அதற்குள் மாஸ்டரின் மனைவி டெய்சி அழுதபடி வாசலில் வந்து நின்றாள். "ரிசல்ட்டு வந்துருச்சாக்கா? காலையில சாப்டாம இருந்ததுல சுகர் இறங்கிருச்சாம். டாக்டரு குளுக்கோஸ் ஏத்துறாரு."

மெஷினில் எண் விழுந்தது. 438.

இது நிஜமானால், இறங்குகிற ஒவ்வொரு சொட்டும் அவருக்குக் கேடு. ஆனால் ரத்தநீர் இப்படிக் கலங்கியிருந்தால் மெஷின் கூட்டிக் காட்டுவதும் உண்டு. தப்பான எண்ணை நம்பிக் குளுக்கோஸை நிறுத்தச் சொல்லி, நிஜத்தில் சர்க்கரை இறங்கியிருந்தால்?

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். டியூட்டி டாக்டர் இளைஞர். "சார், செத்த நேரம் அந்தப் பாட்டில நிறுத்துங்க. எனக்கு அவரு யூரின் வேணும்."

"சாப்பிடாம வந்தவரும்மா. ரிப்போர்ட் எங்க?"

"நானூத்தி முப்பத்தெட்டு காட்டுது சார். ரத்தம் கலங்கியிருக்கு, நம்பலாமான்னு தெரியல. யூரின்ல பாத்தா ஏமாத்தாது. அஞ்சு நிமிசம் குடுங்க, கையோட கொண்டாறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டியூபின் திருகை மூடினார்.

சிறுநீரை வாங்கிக் கீழே வந்து, டியூபில் இருந்த நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டு விளக்கில் காட்டினாள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொதி வந்தது. பச்சை தட்டியது, மஞ்சளானது. பிறகு அப்படியே செங்கல் நிறம், சர்க்கரை மிக அதிகம். டியூபை இடுக்கியில் பிடித்தபடி சூட்டோடு மாடிக்கு ஓடினாள்.

டாக்டர் அதைப் பார்த்ததுமே பாட்டிலைக் கழற்றச் சொன்னார். இன்சுலின் போட்டு, மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே எடுத்த ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. சர்க்கரை அவருக்குப் பல வருடமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். கொலஸ்ட்ரால் 312.

மூன்று மாதத்தில் மாஸ்டருக்குப் பேச்சு திரும்பியது. வலது கை முழுசாகத் திரும்பவில்லை. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார்.

குடும்பத்தில் ஓடுகிற நோய் என்று கிளாரா கூப்பிட்டும், அவருடைய தம்பி அமலன் சோதனைக்கு வர மறுத்தான். "எனக்கென்ன? கல்லத் தின்னாலும் செரிக்கும்."

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஊசியும் டியூபுமாக அவன் வீட்டுக்கே போய்விட்டாள் கிளாரா. அவன் ரத்தமும் கலங்கித்தான் இருந்தது, சர்க்கரை 210. சிறுநீரிலும் சர்க்கரை தெரிந்தது. நல்லா இருந்தவனை நோயாளி ஆக்கிவிட்டாள் என்று மூன்று நாள் ஏசிக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள் காலை லேப் திறக்குமுன் வந்து வாசலில் நின்றான்.

"என்னத்தக்கா சாப்பிடணும், சொல்லுங்க."