நட்சத்திரம் ஒட்டின டீச்சர்

"தரையைத் துடைக்கிறது உங்க வேலை, பிள்ளைங்க மனசைத் துடைக்கிறது என் வேலை. அதுல மூக்கை நுழைக்காதீங்க ஆயாம்மா!"

டீச்சர் என்கிட்ட கத்தினது அந்த ஒரு தடவைதான். ஈரத்துணியும் கையுமா நின்னேன். வாயை மூடிக்கிற ஜென்மமா நான்? "பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுறதைத்தான் சொல்லிக் குடுக்கிறீங்க"ன்னு சொல்லிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.

தையல் கம்பெனிக்குப் பின்னாடி இருக்கு அந்தக் காப்பகம். ஒரே ஹால், ரெண்டு கழிப்பறை. அம்மாக்காரிங்க மெஷின்ல உக்காந்திருக்கிற வரைக்கும் இருபத்திரெண்டு உருப்படிங்க எங்க தலையில. எல்லாம் நாலு வயசு, அஞ்சு வயசு.

டீச்சர் நல்லவங்க. முகஸ்துதிக்குச் சொல்லல. என் புருஷனையே நான் நல்லவர்னு சொன்னதில்ல, செத்த அன்னைக்குக்கூட. டீச்சருக்கு நாப்பது வயசு, கல்யாணம் ஆகல, அப்பன் அடிச்சு வளத்த பொண்ணு. "எங்க வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல ஆயாம்மா. யாரும் சிரிச்சதுமில்ல"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. அடுத்தவங்களுக்கு நல்லது பண்ற பிள்ளைகிட்டதான் சந்தோஷம் தங்கும், அதை இந்த வயசுலயே ஊட்டிடணும். அதுதான் அவங்களுக்கு வேதம்.

ஊட்ட எடுத்த கரண்டிதான் தப்பு. செவுத்துல ஒரு அட்டை மாட்டினாங்க. யாருக்காவது உதவினா பேருக்கு நேரா ஒரு தங்க நட்சத்திரம். பத்து சேந்தா காகிதக் கிரீடம்.

மொத வாரம் மூக்கு ஒழுகுறவனுக்கு மூணு பேர் கைக்குட்டை நீட்டினாங்க. ரெண்டாவது வாரம் உதவுறதுக்கு ஆள் கிடைக்கல. அழுறதுக்கு ஒருத்தர் வேணுமே!

ஒருத்தியைப் பிடிச்சாங்க. குட்டியூண்டு பொண்ணு, வாயே திறக்காது. ஊமைக்கோட்டான்னு நான்தான் பேர் வச்சேன். ஒருத்தன் அவ டப்பாவை ஒளிச்சு வைப்பான், இன்னொருத்தி கண்டுபிடிச்சுக் குடுத்து நட்சத்திரம் வாங்குவா. மறுநாள் முறை மாத்திக்குவாங்க. பெரிய வியாபாரிங்க கெட்டாங்க போங்க. நான் குனிஞ்சு துடைக்கிறவ, மேசைக்கு அடியில நடக்கிறது எனக்குத் தெரியும். டீச்சருக்கு அட்டைதான் தெரிஞ்சுது. அதைச் சொல்லப் போய்தான் அந்தத் திட்டு வாங்கினேன்.

அதுக்கு நாலாம் நாள் கழிப்பறை வாசல்ல சோப்புத் தண்ணி. நான் ஊத்தல. அந்தப் பொண்ணு வழுக்கி விழுந்தா. தயாரா நின்ன ரெண்டு பேர் ஓடி வந்து, முறிஞ்ச கையையே பிடிச்சு இழுத்துத் தூக்கினாங்க. அவ அலறுறா, அதுங்க குதிக்குதுங்க: "டீச்சர், நாங்க தூக்கிட்டோம்! ஸ்டார் குடுங்க!"

முழங்கையில ரெண்டு எடத்துல முறிவு. கம்பி வச்சாங்க. கை இனிமே முழுசா நீளாதுன்னுட்டார் டாக்டர்.

கம்பெனி சூப்பர்வைசர் வந்தான். "ஆயா தரையைத் துடைக்காம விட்டுட்டான்னு சொல்லிடுங்க டீச்சர். உங்க வேலை தப்பிக்கும்"னான், என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?

டீச்சர் எழுந்தாங்க. நேரா பட்டன் தைக்கிற எடத்துக்குப் போனாங்க, அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட. "என் தப்பும்மா. நட்சத்திரத்துக்காகப் பிள்ளைங்க தண்ணி ஊத்தியிருக்காங்க. ஆயாம்மா முன்னாடியே சொன்னாங்க, நான் கேக்கல."

"உன் பாடத்துக்கு என் பிள்ளை கைதான் கிடைச்சுதா?"ன்னு ஒரு அறை விட்டா அவ. மெஷின் எல்லாம் நின்னு போச்சு. டீச்சர் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பாக்கல. அன்னைக்கே வேலை போச்சு. அட்டையை நான் கிழிச்சு எறிஞ்சேன்.

மூணு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு திரும்பி வந்தா. யார் பக்கத்துல போனாலும் "வேணாம்". அந்த ஒரு வார்த்தைதான் பேசுவா. சட்டை பட்டன் போட விடமாட்டா, ஷூ கயிறு கட்ட விடமாட்டா. பல்லால கடிச்சு ஒத்தக் கையால முடிச்சுப் போடப் பாப்பா. மத்தது எல்லாம் வெளிய விளையாடும், இவ ஷூவோட மல்லுக்கட்டிக்கிட்டு உள்ளேயே கிடப்பா.

டீச்சர் அப்ப ஒரு கிடங்குல அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டிருந்தாங்க, தினக்கூலிக்கு. தெருவுல பாத்தப்ப கேட்டாங்க: "அவ சிரிக்கிறாளா ஆயாம்மா?"

"இல்ல."

"தண்ணி ஊத்தினதுங்க?"

"அதுங்களுக்கு என்ன, ஜோரா இருக்குதுங்க."

ஷூ விஷயத்தையும் சொன்னேன். கால் அளவு என்னன்னு கேட்டாங்க.

அந்த வாரமே கேட்டுல வந்து ஒரு பொட்டியை நீட்டினாங்க. கயிறு இல்லாம, ஒட்டுற பட்டை வச்ச ஷூ. "யார் குடுத்ததுன்னு சொல்லாதீங்க. போட்டுவிடவும் போகாதீங்க. அவ பை பக்கத்துல வச்சா போதும்."

வச்சேன். பாத்தா. சுத்திமுத்தும் பாத்தா, எவனாவது உதவ வர்றானான்னு. யாரும் வரல. ஒத்தக் கையாலயே மாட்டி, பட்டையை அழுத்தினா. பிச்சா, திரும்ப அழுத்தினா. சிரிப்பெல்லாம் இல்ல. எழுந்து வெளிய போனா.

டீச்சர்கிட்ட விலை கேட்டேன். எண்ணூத்தி அறுபது ரூபா, அவங்க மூணு நாள் கூலி.