சூடான சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போகாதீர்கள்

விமானத்தைப் பறக்கவைக்கப் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். தரையில் ஓடுகிற விமானம் நினைத்த இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே தானும் தரையைக் காலால் அழுத்துகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி, தைரியமாக மேலே படிக்கலாம்.

சொந்த ஊர் விருத்தாசலம். வேலை சென்னை விமான நிலையத்தில், ஒரு விமானக் கம்பெனியில் டெக்னீஷியன். வார லீவுக்கு ரயிலேறி ஊருக்கு வந்துவிடுவேன். வீட்டுக்காரர் அங்கே பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார்.

பட்டன் போன சட்டை

ஒரு நாள் காலையில் ஒரு விமானம் கிளம்பி, ஓடுபாதையில் பாதித் தூரம் வேகமெடுத்த பிறகு ஏதோ எச்சரிக்கை விளக்கு எரிந்து, பைலட் முழு பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். அத்தனை பாரத்தையும் அத்தனை வேகத்தில் நிறுத்தினால் பிரேக் நெருப்பாய்க் கொதிக்கும். தீயணைப்பு வண்டி பின்னாலேயே வர, விமானம் மெல்ல ஊர்ந்து ஒதுக்குப்புறமாக வந்து நின்றது. இடப்பக்கச் சக்கரத்தில் புகை. மூக்குப் பக்கச் சக்கரத்துக்கு மட்டும் உருளாமலிருக்கக் கட்டை கொடுத்துவிட்டு, பைலட்டிடம் பார்க்கிங் பிரேக்கை விடச் சொன்னேன். சூட்டில் பிடித்தபடியே வைத்திருந்தால் பிரேக் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அப்போதுதான் பார்த்தேன். மூட்டை ஏற்றுகிற பெருமாள் ஒரு கேன் தண்ணீரோடு சக்கரத்தைப் பார்த்து ஓடுகிறார், அதுவும் பக்கவாட்டிலிருந்து. சூடான சக்கரம் வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் தெறிக்கும். தண்ணீர் பட்டால் வெடிக்கிற வாய்ப்பு இன்னும் அதிகம். போவதென்றால் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் போகவேண்டும். கத்தினால் கேட்கிற இடமில்லை அது. ஓடிப்போய் முதுகுப் பக்கம் சட்டையைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேரும் விழுந்தோம்.

"எரியுதுக்கா, வுடுங்க" என்றார். "அது கிரீஸ் புகை. எரிஞ்சா அணைக்க அவங்க நிக்கிறாங்க" என்று தீயணைப்பு வண்டியைக் காட்டினேன். என்மேல் கோபமாகத்தான் எழுந்து வந்தார். பத்து நிமிஷம் கழித்து 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், டயர் அப்படியே உட்கார்ந்தது. விமானம் நின்ற பிறகும் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அளவு மீறினால் சக்கரத்துக்குள் இருக்கிற சின்ன அடைப்பு உருகி, வெடிக்கிறதுக்கு முன்னால் காற்றை இறக்கிவிடும். பெருமாள் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்: "ரெண்டு பட்டன் போச்சுக்கா. பரவால்ல, சட்டைக்குள்ள ஆளு இருக்குறான்ல."

பெண்ணாடத்துக்காரர்

பயணிகளை முன்பக்கப் படி வழியாக இறக்கி பஸ்ஸில் உட்காரவைத்திருந்தோம். பாதிப் பேர் போனில் வீடியோ எடுத்தார்கள், மீதிப் பேர் யாரையாவது திட்டவேண்டுமே என்று என்னைத் திட்டினார்கள். வெள்ளை வேட்டியில் ஒருவர் மட்டும் நான் பேசுவதைக் கவனித்துவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க?" என்றார். விருத்தாசலம் என்றதும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெண்ணாடத்தில் கரும்பு விவசாயி. மகனைப் பார்க்க மும்பை போகிறார், விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை.

இவர் இனி ரயிலில்தான் போவார் என்று நினைத்தேன். அவரோ நிதானமாக விசாரித்தார். "பிரேக்கு புடிச்சதாலதான் சூடாச்சா?" ஆமாங்க என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "கரும்பு லோடு ஏத்திக்கிட்டு பிரேக்கே சரியா புடிக்காத டிராக்டருல எத்தினியோ தடவ போயிருக்கேன். இதுல சூடாவுற அளவுக்குப் புடிக்குதே. அடுத்த பிளேன் எப்பம்மா?"

சூளைக்காரர்களுக்கு வகுப்பு தேவையில்லை

அந்த வாரம் ஊருக்குப் போனபோது பட்டறையில் இந்தக் கதையைச் சொன்னேன். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதைப் புரியவைக்க எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு, கடைசியில் பரீட்சை என்றதும், பொம்மைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த சகாயமேரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சூளை ஆறாம தொறந்தாலே பொம்மைக்குக் கழுத்து வுட்டுப் போவுது. இதுக்குப் போயி பரீட்சை வெக்கிறாங்களா? பெயிலானவங்கள இங்க அனுப்புங்க."

ஐந்து நிமிஷம்

இது போன மாதம். ஒரு காலி விமானத்தை டிராக்டரால் ஷெட்டுக்கு இழுத்துப் போகவேண்டும். அப்படி இழுக்கும்போது ஒருவர் காக்பிட்டில் பிரேக்கின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு அது நான். பிரேக் அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தேன், கீழே இறங்கியிருந்தது. அது ஏறாமல் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. பம்பைப் போட்டு ஏற்றினேன். டிராக்டர் ஓட்டுகிற அந்தோணி அண்ணன் கீழேயிருந்து ஹெட்செட்டில் புலம்பினார். "காலி பிளேனும்மா, மெதுவாத்தான் இழுக்கப் போறேன். அஞ்சு நிமிஷம் வேஸ்டு." முள் மேலே வந்த பிறகுதான் "இழுங்கண்ணே" என்றேன்.

பாதி வழியில், தரை லேசாகச் சரிகிற இடத்தில், விமானத்தை டிராக்டரோடு இணைக்கிற இழுவைக் கம்பியின் முளை முறிந்தது. விமானம் தானாக உருள ஆரம்பித்தது, முன்னால் அந்தோணி அண்ணனின் முதுகு. "அண்ணே, கம்பி வுட்டுப்போச்சு, வண்டிய வலப்பக்கம் ஒடிங்க" என்றேன். பயத்தில் ஓங்கி மிதிக்கத்தான் கால் துடித்தது. ஆனால் பிரேக்கைச் சீராக அழுத்தித்தான் விமானத்தை நிறுத்தவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். டிராக்டர் விலகுவதற்கும் விமானம் நிற்பதற்கும் சரியாக இருந்தது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்திருக்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாச்சு என்று கீழேயிருந்து சொன்ன பிறகும் என் கால் பெடலை விட்டு வரவில்லை, கையால் தூக்கி எடுத்தேன்.

அந்தோணி அண்ணன் படியேறி வந்தார். அந்த முள்ளைக் குனிந்து பார்த்தார். "அஞ்சு நிமிஷம் வேஸ்டுன்னு சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கிறேன். கீழ போயி யாருகிட்டயும் சொல்லாத."

இத்தனை வருஷத்தில் விமானம் ஒழுங்காக நின்றதற்காக என்னை யாரும் தேடிவந்து பாராட்டியதில்லை, ஒரே ஒரு தடவை நிற்காமல் போயிருந்தால் என் பேரும் போட்டோவும் எல்லார் போனிலும் இருந்திருக்கும்.