பின்னால் நிற்பவனைப் பிடிக்கும் லென்ஸ்

போட்டோ கழுவுகிறவன் ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்தையும் பார்த்திருப்பான். ஒன்றுக்கும் போயிருக்க மாட்டான்.

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் நான் பார்த்த வேலை அது. பகலில் ஏரிக்கரையில் எடுத்த படங்களை, டூரிஸ்ட்டுகள் காலை பஸ்ஸில் வத்தலக்குண்டுக்கு இறங்குவதற்குள் கையில் கொடுத்தாக வேண்டும். அதனால் என் ராத்திரியெல்லாம் இருட்டறையில் போனது. அங்கே குளிரில் படம் கழுவும் டெவலப்பர் மருந்துகூட வேலை செய்யாமல் படுத்துக்கொள்ளும். கரி அடுப்பில் வெந்நீர் வைத்து அதை எழுப்ப வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்ட தொழில். நாற்பது தாண்டியபோது ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தால் முகம் முள்ளங்கி நிறத்தில் இருந்தது. ராத்திரி வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் போனால் எப்படியாவது ஈடுகட்டிக்கொள்ளலாம். வெயில் போனால் என்ன செய்வது?

பகலில் படமெடுத்துக்கொண்டிருந்தவர் தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்ட சமயம் பார்த்து, முதலாளி சவரிமுத்து அண்ணனிடம் அந்த வேலையைக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார். "இந்த சீசன் மட்டும் ரெண்டு சோலியும் பாரு செல்வராசு. படம் சரியா வந்தா பகல் உனக்கு. வரலேன்னா பழையபடி உள்ள போயிரணும்" என்றார். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன பழைய ஜெர்மன் கேமரா ஒன்று பீரோவில் கிடந்தது. அதை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

மூடி

இந்தக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரமாக ஒரு சின்ன ஜன்னல். அதன் நடுவே மஞ்சளாக ஒரு கட்டம். எதிரே நிற்பவர் அந்தக் கட்டத்துக்குள் இரண்டு பேராகத் தெரிவார். ஒருவர் அசல், ஒருவர் ஆவி. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஆவி நகர்ந்து வந்து அசலுக்குள் புகுந்துகொள்ளும். புகுந்ததும் அமுக்க வேண்டியதுதான். நாடா பிடிக்காமல் இது எப்படித் தூரத்தை அளக்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். நூல் ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் போனதே தவிர உள்ளே போகவில்லை. முன்பக்கம் தள்ளித் தள்ளி இரண்டு ஜன்னல் வைத்து, கேமராவுக்கும் இரண்டு கண் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்த ஆச்சரியத்திலேயே முதல் நாள் விருதுநகர்க் குடும்பம் ஒன்றைப் படகுத்துறையில் நிறுத்தி வைத்து விதவிதமாக எடுத்தேன். ஆவி அழகாகப் புகுந்தது, ஷட்டர் பூ உதிர்வதுபோல் சத்தமில்லாமல் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் லென்ஸில் மூடி அப்படியே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு மூடி எப்படித் தெரியும்? எதிரே நின்றவர்களுக்குத் தெரிந்திருக்குமே, ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். தலை முதல் கழுத்துவரை குரங்குக் குல்லா போட்டிருந்த பெரியவர் சொன்னார்: "நாங்கல்லாம் குல்லா போட்டிருக்கோம்ல, அதுக்கும் குளிருதோன்னு இருந்துட்டோம்."

மாப்பிள்ளை யார்?

மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடப் பழகிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. புதுசாகக் கல்யாணமான திண்டுக்கல் ஜோடி. மத்தியானம் மேகம் இறங்கி ஏரி முழுக்கச் சாம்பலாகிவிட்டது. வெளிச்சம் போதாதென்று லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்துவைத்து, பெண்ணின் மூக்குத்தியில் ஆவியைச் சேர்த்து எடுத்தேன்.

கழுவிப் பார்த்தால் ஜோடி இரண்டு பேரும் நீராவிக்குப் பின்னால் நிற்பதுபோல் மங்கலாக இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாடகைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற குதிரைக்காரன் காசிமாயன் மட்டும் மீசை மயிர் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருந்தான். காலையில் படத்தை வாங்கிய மாப்பிள்ளை அதை அப்படியே பெண்ணிடம் நீட்டிவிட்டார். பெண் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏங்க, இத எங்கம்மாகிட்ட காட்டுனா இந்தக் குதிரக்காரரத்தான மருமகன்னு நெனைக்கும்?"

சமையல்காரர் இருக்கிற வருஷம்

ஒரு தடவை கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு மங்கலான நாளிலும் அதே கதை. நான் குறிவைத்தவர் கரைந்துபோவார். ஓரடி ஈரடி பின்னால் நின்றவர் துலங்கிவிடுவார். நல்ல வெயில் அடித்தால் மட்டும் எல்லோருமே தெளிவாக விழுந்தார்கள். இது ஏன் என்று எனக்குக் கோபத்தைவிட ஆசைதான் அதிகமாக வந்தது. முதலாளிக்கு அந்த ஆசை வரவில்லை. "இன்னும் ஒரு படம் இப்பிடி வந்துச்சுன்னா கேமராவ பீரோவுல வச்சிருவேன்" என்றார்.

அந்த வாரமே மிஷன் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. பாதிரியாரும் ஆசிரியர்களும் முன்வரிசை நாற்காலியில். பின்னால் தோட்டக்காரர், மணியடிப்பவர், சமையல்காரர் லூர்துசாமி. தைலமரங்களுக்கு நடுவே மூடுபனி புகுந்துகொண்டிருந்தது. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். படத்தைக் கொண்டுபோனபோது முன்வரிசைக்காரர்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். நான் வாசல்படியிலேயே நின்றுகொண்டேன். லூர்துசாமி மட்டும் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, படத்தை ஓரத்தில் பிடித்து வாங்கிப் பார்த்தார். "வருசா வருசம் நிக்கிறேன் தம்பி. இந்த வருசந்தான் இருக்கேன்" என்றார்.

வேலிக்குப் போட்டோ

முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியாக ஒரு தவணை வாங்கினேன். இன்னொரு படம் கெட்டால் பகல் போச்சு. ஏரியைச் சுற்றி மரக்குச்சி வேலி இருந்த ஓர் இடத்துக்கு வெள்ளனே போனேன். வேலியைச் சாய்வாகப் பார்த்தபடி உட்கார்ந்து, துணி கட்டி வைத்த ஒரு குச்சியில் ஆவியைச் சேர்த்து எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது, துணி கட்டிய குச்சி மங்கல். அதற்கு அடுத்ததுதான் தெளிவு. மறுபடி எடுத்தேன், மறுபடியும் அதே. தூரத்து மலையை எடுத்தால் மட்டும் ஒரு பிசகும் இல்லை. கேமராவையும் லென்ஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சங்கதி பிடிபட்டது. லென்ஸ் அந்தக் கேமராவோடு பிறந்தது இல்லை. வேறு கம்பெனிக்காரன் செய்து பிற்பாடு பூட்டியது. தூரத்தில் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது, கிட்டத்தில் வந்தால் பேச்சு வார்த்தை இல்லை. கேமராவை விட்டுப்போன வெள்ளைக்காரப் பாதிரியார் மலையை மட்டுமே எடுத்திருக்க வேண்டும், பாவம், கடைசிவரை அவருக்குத் தெரிந்திருக்காது.

வழியும் கிடைத்தது. ஆவி அசலோடு சேர்ந்ததும் அமுக்கக் கூடாது. வளையத்தை ஒரு நெல் அளவு கிட்டத்துப் பக்கம் திருப்பி, சேர்ந்ததை மறுபடி பிரித்துவிட வேண்டும். ஜன்னலில் ஆள் இரண்டாகத் தெரிந்தால் படத்தில் ஒன்றாக விழுவார். துவாரத்தைச் சுருக்கினால் முன்னால் பின்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து தெளிவாக விழும், பிசகும் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் அதற்கு வெயில் வேண்டும். இதையெல்லாம் கண்டுபிடிக்கக் காலை முழுக்க வேலிக்கு முன்னால் குத்துக்காலிட்டுக் கிடந்தேன். குதிரையோடு இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்வந்த காசிமாயன் மூன்றாம் தடவை நின்றே விட்டான். "ஏண்ணே, இந்த வேலிக்கு எந்த ஊர்ல மாப்பிள்ள பாத்திருக்கீங்க?"

பூண்டியில் ஒரு கதவு

அப்புறம் முகங்கள் தெளிந்தன. முதலாளியும் முணுமுணுப்பதை நிறுத்தினார். சீசன் முடியப்போகிற நேரத்தில் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பூண்டி கிராமத்திலிருந்து லெச்சுமி என்ற பெண் ஆளனுப்பினாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். புருஷனும் பெண்சாதியும் பூண்டுக் காட்டில் கூலி வேலை. அக்கா இன்னும் அங்கேயே தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு அனுப்பப் படம் வேண்டும். "படம் நல்லா அமைஞ்சா நாளையிலேருந்து பகல் உனக்கு" என்று முதலாளி சொல்லியனுப்பினார். பூண்டு ஏற்றப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு போனேன். புது வீட்டு வாசலில் இரண்டு பேரையும் நிறுத்தி, சேர்த்ததைப் பிரித்து, அமுக்கினேன். லெச்சுமியின் இமை மயிர்கூடத் தனித்தனியாக விழுந்தது. அப்படி ஒரு படம் நான் எடுத்ததே இல்லை.

அடுத்த லாரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. "என்னம்மா, மூஞ்சி இவ்வளவு தெளிவா இருக்கே?" என்றேன். முகத்துக்குப் பின்னால் வீடு பஞ்சு மாதிரி கரைந்துபோயிருந்தது. அப்போதுதான் அதை நானும் கவனித்தேன். "நாங்க இங்கன காட்டுல மரத்தடியில கெடக்கிறோம்னு யாரோ சொல்லி எங்கக்கா அழுதுகிட்டே இருக்குங்கய்யா" என்றாள். பிறகு, என் மனசு நோகக் கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகச் சொன்னாள்: "எங்க மூஞ்சிய அது பாத்திருக்கு. கதவத்தான் பாத்ததில்ல."

முதலாளியின் கேள்வி

வெயில் வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தேன். மேகம் வந்தது, போனது, வந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் மேகம் விலகி, வீட்டின் மேல் வெயில் அப்படியே கொட்டியது. துவாரத்தைச் சுருக்கி எடுத்தேன். லெச்சுமி, புருஷன், நீலச் சாயம் பூசிய கதவு, அதில் தொங்கும் பூட்டு, இறவாரத்தில் கட்டியிருந்த பூண்டுக் கத்தை, கூரை ஓடு எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. ஊர் திரும்பிக் கழுவி, அடுத்த லாரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லெச்சுமி அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்ப்பதுபோல் படத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, முந்தானையில் சுற்றி உள்ளே எடுத்துப் போனாள்.

இன்னொரு பிரதியை முதலாளி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். நான் எதிரே நின்றேன். வெளியே ஏரிப் பக்கம் நல்ல வெயில். "படம் ஒண்ணாம் நம்பரு" என்றார். பிறகு கேட்டார்: "ஒண்ணு கேக்குறேன் சொல்லு. லென்ஸ் கோளாற எங்க நின்னு கண்டுபிடிச்ச? வெளியவா, உள்ளயா?" பிலிமைக் கழுவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் கேமராவை என் கழுத்திலிருந்து பதவிசாகக் கழற்றி, மேஜையோரம் உட்கார்ந்திருந்த தன் மச்சினனிடம் கொடுத்தார். "அந்த நெல்லு அளவு திருப்புறத இவனுக்குச் சொல்லிக்குடுத்துரு. வெளிய நின்னு சிரிங்கன்னு சொல்ல எவனும் வருவான். உள்ள நின்னு பாக்க உன்ன விட்டா எனக்கு யாருப்பா இருக்கா?"

அன்றிலிருந்து எனக்கு வெயில் என்றால், மற்றவர்கள் எடுத்துக்கொண்டு வரும் பிலிமைக் கழுவினால் வெளிச்சம் கறுப்பாக விழுந்திருக்கிற இடம்தான்.