டச்சுக் கப்பல் மேல் என் வலை

பழவேற்காடு ஏரிக்கரையில், நாங்கள் வலை காயப்போடும் பெரிய சுவர் முழுக்க டச்சுக் கப்பல் வரைந்திருக்கிறார்கள். பூநாரைகூட இருக்கிறது. மீன்பிடிக்கிறவன் ஒருத்தன்கூட இல்லை.

இன்று காலை வழக்கம்போல் அதன் மேல் வலையைப் போட்டேன்.

படமெடுக்க காரில் வந்த ஒருவர், "வலையைக் கொஞ்சம் எடுங்கண்ணா, கப்பல் மறையுது" என்றார்.

"நாளைக்கு ஏரியில எங்க பாடு சார், மீன்பிடிக்க சீட்டு போட்டு வந்த முறை. இது காஞ்சாத்தான் கிழிசல தைக்க முடியும். நாளைய வுட்டா அடுத்த முறை எப்ப வருமோ."

"இது நானூறு வருஷ வரலாறுண்ணா."

"அந்தக் கப்பல் போயிடுச்சு சார். நாங்க இங்கதான் கீறோம்."

சொல்லிவிட்டு வலைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். வேறு வழியில்லாமல் அப்படியே படமெடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் படம் யார் கண்ணிலாவது பட்டால் இங்கே போடுங்கள். கப்பலை மறைத்துக்கொண்டு நிற்பவன் நான்தான்.