கூறைத் தட்டத்தில் கணினி

அக்காவின் மகளுக்குக் குருக்கள்மடம் என்ற ஊரில் கல்யாணம். தாய்மாமன் நான். பெண்ணின் தகப்பன், அதாவது என் அத்தான், கத்தாரில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டுவதை நேரலையில் காட்டுவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

போனில் காட்டினால் போதாதா என்றால், போதாது. புதுவீடு குடிபுகுந்த அன்று போனைப் பிடித்தவர் அத்தானின் தம்பி. பனிச்சங்கேணியில் மீன் வாங்கி விற்பவர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். அத்தான் அன்று பார்த்தது பெரும்பாலும் மின்விசிறியை. ஆகவே இம்முறை வீடியோக்காரரின் கமெராவை என் மடிக்கணினியில் பொருத்தினோம். லினக்ஸ் போட்ட பழைய கணினி. நிருபரான எனக்குப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப அது போதும்.

மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்ததும் படம் உறைந்தது.

"மச்சான், மாப்பிள்ள ஏன் அசையிறாரில்ல? பயந்திட்டாரோ?" என்றது ஸ்பீக்கரில் அத்தானின் குரல்.

"அவர் நல்லா இரிக்கார் அத்தான். கணினிதான் அசையிதில்ல."

புரொசசரின் வேகத்தைப் பார்த்தேன். அடிமட்டத்தில் கிடந்தது. அந்த வேகத்தை ஏற்றி இறக்குவது லினக்ஸின் கருவான கேர்னலில் உள்ள ஒரு டிரைவர் மென்பொருள். வேலை கூடினால் வேகத்தைக் கூட்டவேண்டும். வேலை இல்லாவிட்டால் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவேண்டும். என் கணினியில் இயல்பாக வந்த டிரைவர் இரண்டாவது கடமையை மட்டும் செய்தது. உச்ச வேகத்தில் ஓடக் கட்டளை கொடுத்தேன். ஏற்றுக்கொண்டதாகக் காட்டிவிட்டுப் பழையபடியே கிடந்தது. அரசாங்கக் கந்தோரில் மனுக் கொடுத்தது போலிருந்தது.

மிஞ்சிய வழி, அந்த டிரைவரையே விலக்கிவிட்டு, கேர்னலில் கூடவே இருக்கும் பழைய டிரைவரைப் பொறுப்பில் வைப்பது. அதற்குக் கணினியை அணைத்து, அது மீண்டும் எழும்பும்போது தொடக்க வரியில் ஒரு கட்டளை சேர்க்கவேண்டும். பெண் கூறைச் சேலை மாற்ற உள்ளே போயிருந்தாள். அணைத்தேன்.

உடனே என் போன் அடித்தது.

"எல்லாம் கறுப்பாப் போச்சு! கரண்ட் போயிற்றா?"

"இல்ல அத்தான், நான்தான் நிப்பாட்டினனான்."

"தாலி கட்டக்குள்ளயா நிப்பாட்டுற? உனக்கென்ன விசரா?"

கணினி எழும்பியது. பழைய டிரைவர் சொன்னதைக் கேட்டது. வேகம் உச்சத்துக்கு ஏற, படம் ஓடியது. கூடவே கணினியின் விசிறி மேளக்காரரோடு போட்டிக்கு இரைந்தது. அடியில் கைவைக்க முடியவில்லை. இன்னும் சூடேறினால் தானாகவே அணைந்துவிடும்.

"சூடோ? ஐஸ் வெச்சாச் சரி" என்றார் அத்தானின் தம்பி. வாகனத்திலிருந்து இறால் ஏற்றும், வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கான ரெஜிபோம் பெட்டியை ஐஸோடு தூக்கி வந்தார். மூடியின் மேல் கணினியை வைத்தோம். பயனில்லை. ரெஜிபோம் குளிரை வெளியே விடாது. அதற்காகத்தானே அந்தப் பெட்டி. மூடியைக் கழற்றினால் கணினி ஐஸுக்குள் விழும். சுற்றிப் பார்த்தவர், கூறை வந்த பித்தளைத் தட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, எடுத்து, மூடிக்குப் பதிலாகப் பெட்டியின் வாயில் வைத்தார். கணினி அதன்மேல் ஏறியது. சூடு இறங்கியது. இறால் மணம் பரவியது.

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே மூக்கைச் சுருக்கினார். அக்கா ஓடிவந்தா.

"என்னடா இது? மாப்பிள்ள வீட்டுத் தட்டத்தால இறால் பெட்டிய மூடி வெச்சிரிக்கிங்க!"

"சத்தம் போடாதீங்க மச்சாள், அண்ணன் பாத்துக்கொண்டிரிக்கார்" என்றார் மீன் வியாபாரி. "மணம் கத்தாருக்குப் போகாது."

தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். மணவறையருகே போய் நின்றேன், ஒரு கண் கணினியில். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. படம் ஒரு கணமும் நிற்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஓடினேன்.

"அத்தான், வடிவாத் தெரிஞ்சுதா?"

அத்தான் மூக்கை உறிஞ்சினார்.

"இல்ல மச்சான். கண் கலங்கிற்று. கண்ணாடியக் கழட்டித் துடைச்சன். போட்டுப் பாத்தா எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒருக்காத் திருப்பிக் கட்டச் சொல்லு."

அது ஐயருக்கும் கேட்டது. திரும்பாமலே சொன்னார்: "ஒருதரம்தான்."

"வீடியோவில பதிஞ்சு இரிக்கி அத்தான்" என்றேன்.

"அத மறுகாப் பாப்பன். இப்ப புள்ளயக் காட்டு."

கமெராவைப் பெண்ணின் பக்கம் திருப்பச் சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓமப் புகை என்று சொன்னாள்.