டேங்கைக் குலுக்கி நிரப்பிய குடும்பம்

1. ஸ்டிக்கர் கேட்டு வந்தவர்

ஜெசிந்தா என் கடைக்கு வந்தது விளம்பரம் செய்வதற்காக அல்ல.

"அண்ணாச்சி, வேன் பின்கண்ணாடில ஒட்டணும். 'விற்பனைக்கு'ன்னு ஒரு ஸ்டிக்கர் போட்டுத் தாங்க. கீழ என் போன் நம்பர் பெருசா இருக்கட்டும்" என்றார்.

சுவரெழுத்தில் தொடங்கி, ஃப்ளெக்ஸ், எஃப்.எம். என்று போய், இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரைக்கும் தூத்துக்குடியில் விளம்பரம் செய்தே பிழைத்தவன் நான். ஜெசிந்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். மில்லர்புரத்துக்காரர். இரண்டு சுற்றுலா வேன்கள் வைத்திருந்தார். ஒன்றை அவரே ஓட்டுவார், மற்றதைக் கணவர் ஓட்டுவார். குறுகிய சந்தில் அவர் வேனை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பதற்கென்றே நான் நின்றிருக்கிறேன்.

"என்னாச்சும்மா?"

"டீசல் ஏறிக்கிட்டே போவுது. பெரிய வண்டிக்காரங்க, வாடகை டீசல் எல்லாம் சேத்து ஒரே ரேட்டுன்னு ஊர் பூரா போர்டு வச்சிருக்காவ. நம்மள யாரு கூப்பிடுதா? ஒரு வண்டியக் கொடுத்துட்டா, அவுக வெளிநாட்டுக்கு டிரைவரா போறேன்னு சொல்லுதாவ."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் இறங்கியது. சத்தமாகவே பேசிப் பழகிய பெண் அவர். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

ஸ்டிக்கரை அடித்தேன், ஆனால் கொடுக்கவில்லை. "கோடை லீவு முடியட்டும். அதுக்குள்ள ஒரு விளம்பரம் போட்டுப் பாப்போம்" என்றேன்.

2. டீசல் யாருடையது?

நீங்களும் ஒரே ரேட் போடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. கடல், தென்னைமரம், சிரிக்கும் குழந்தை, கீழே ரேட். ஜெசிந்தா பிடிவாதமாக மறுத்தார்.

"வண்டி வாடகை எனக்கு, டீசல் அவங்களுக்கு. அதத்தான் போடணும்."

"டூர் விளம்பரத்துல டீசல்னு போட்டா எவன்மா வருவான்?"

"அண்ணாச்சி, டீசல் என் கைக்காசுன்னா நான் ஏ.சி.ய எப்ப அமத்தலாம்னு பாப்பேன். போற வழியில மணப்பாடு கடற்கரைக்குத் திருப்பச் சொன்னா முகத்தத் தூக்குவேன். நானும் மனுசிதான?"

ஒரே ரேட் வண்டிகளில் நானும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். டீசல் ஏறினால் அதில் முதலில் குறைவது ஏ.சி., அடுத்துக் குறைவது டிரைவரின் பேச்சு. நாம் காசு கொடுத்துவிட்டு, ஒரு டீக்கு நிறுத்தச் சொல்லக்கூட அவர் பின்னந்தலையைப் பார்த்துத் தயங்கிக்கொண்டு இருப்போம்.

சரி, படம் எடுக்க நானும் ஒரு பயணத்துக்கு வருகிறேன் என்றேன்.

3. காயல்பட்டினத்துப் பயணம்

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த காயல்பட்டினத்து ஜமாலின் குடும்பம் அது. அவருடைய உம்மா, மனைவி, பிள்ளைகள், தங்கை, தங்கை மாப்பிள்ளை. ஊரைத் தாண்டியதும் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. டீசல் கணக்குக்கு எங்கள் பக்கத்து முறை எளிது. புறப்படும்போது வண்டிக்காரர் செலவில் டேங்க் ஃபுல். திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி ஃபுல். இரண்டாவது தடவை பிடிப்பதற்கு வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டும்.

பம்ப் தானாக நின்றதும் தங்கை மாப்பிள்ளை இறங்கினார். "அப்படி விட்டா ஆகாது. குலுக்கி ஊத்தணும்."

வண்டியைக் குலுக்கினால் டேங்கில் தங்கிய காற்று வெளியேறி, இன்னும் கொஞ்சம் டீசல் பிடிக்கும். காலையில் குலுக்காமல் மாலையில் மட்டும் குலுக்கினால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். மனிதர் உஷாரானவர்.

"தாராளமா குலுக்குங்க தம்பி" என்று ஜெசிந்தா சிரித்தார். மச்சான்மார் இருவரும் குலுக்கினார்கள். கூடுதலாகப் பிடித்தது ஜெசிந்தாவின் காசு.

அதன்பிறகு அந்த வண்டியில் நான் கண்டது நல்ல பயணம். மணப்பாடு குன்றில் ஏறி, உம்மா நெடுநேரம் கடலைப் பார்த்தார். உவரியில் பிள்ளைகள் தண்ணீரை விட்டு வர மறுத்தார்கள். வெயிலில் உம்மாவுக்கு அசதியாக இருந்ததால், நிறுத்திய வண்டியிலும் ஏ.சி. ஓடியது. திரும்பும் வழியில் உம்மா மகனிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னொரு தடவ அந்தக் குன்றுக்குப் போவலாமா வாப்பா?" ஜமால் அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டியவர். "திருப்புங்கக்கா" என்றார். ஜெசிந்தா உடனே இண்டிகேட்டரைப் போட்டார். எவ்வளவு அழகாகத் திருப்பினார் தெரியுமா!

4. மாலையில்

பங்கில் மறுபடி டீசல் பிடித்தார்கள். பம்ப் நின்றது. ஜெசிந்தா மூடியை எடுத்து மூடப் போனார். காலையில் குலுக்கிய அளவு அவருக்கு நஷ்டம்தான். மறுபடி குலுக்கச் சொல்லிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

"நில்லுங்கக்கா" என்றார் ஜமால். "காலைல குலுக்கினோம்லா? இப்பவும் குலுக்கணும். எல்லாரும் இறங்குங்க!"

உம்மா மட்டும் இறங்க மறுத்தார். "நான் உள்ள இருந்தாத்தான் வெயிட்டா குலுங்கும்."

குடும்பமே வண்டியைப் பிடித்துக் குலுக்கியது. காலையில் சந்தேகப்பட்ட மாப்பிள்ளைதான் எல்லோரையும்விட வேகமாகக் குலுக்கினார். பங்குக்குள் போன் எடுக்கக் கூடாது என்பதால் நான் ரோட்டைத் தாண்டி ஓடி, எதிர்ப்பக்கத்திலிருந்து படம் எடுத்தேன். எல்லாம் முதுகுகள். ஜமாலிடம் காட்டினேன். "முகம் தெரியல. போட்டுக்கோங்க" என்றார்.

இந்தமுறை மறுத்தது ஜெசிந்தா. "வண்டி நின்னுபோயி தள்ளுதாவன்னுல்ல நினைப்பாவ!"

"நினைக்கட்டும். போன் பண்ணிக் கேப்பாங்கல்லா?" என்றேன். படத்துக்குக் கீழே இப்படி எழுதி, ஜெசிந்தாவின் நம்பரோடு வெளியிட்டேன்: 'டீசல் நீங்கள் போடுங்கள். வழியும் நீங்களே சொல்லுங்கள்.'

முதல் போன் உண்மையிலேயே "வண்டி பிரேக்டவுனா?" என்றுதான் வந்தது. ஜெசிந்தா விளக்கம் சொல்லி, அந்தப் போனிலேயே ஒரு புக்கிங்கை வாங்கிவிட்டார். கொஞ்ச நாளில் "குலுக்குற வண்டிதான?" என்றே கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விலையைக் குறைத்துக் காட்டுவது சுலபம். கொடுக்கிற காசு எங்கே போகிறது என்று வாடிக்கையாளர் கண்ணெதிரே காட்டுகிற ஆள் கிடைத்தால், அவருக்கு விளம்பரம் செய்யுங்கள். அப்படி ஒருவருக்கு வேலை செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

லீவு முடிந்ததும் ஜெசிந்தா கடைக்கு வந்தார். "அந்த ஸ்டிக்கரத் தாங்க அண்ணாச்சி."

விற்கத்தான் முடிவு செய்துவிட்டார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். என் மேசையிலிருந்த கத்தரிக்கோலால் 'விற்பனைக்கு' என்ற பகுதியை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். நம்பர் இருந்த பாதியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அங்கே, விற்பதாக இருந்த இரண்டாவது வண்டியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் நல்லாத்தான இருக்கு, எதுக்கு வீணாக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே அதைப் பின்கண்ணாடியில் ஒட்டினார்.