காரணம் மேடத்துக்குக் காய்ச்சல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மட்டம் போட்டால், முதல் மணி அடித்துச் சற்று நேரத்தில் அவன் வீட்டுக்குப் போன் வந்துவிடும். "இன்னிக்கு உங்க பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரலை. காரணம் தெரிஞ்சுக்கலாமா?" என்று ஒரு பெண்குரல் கேட்கும். அந்தக் குரலில் கோபமும் இருக்காது, கனிவும் இருக்காது. இந்த ஒற்றைக் கேள்வியை வைத்துப் பிள்ளைகள் அவளுக்குக் காரணம் மேடம் என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு ஆளே இல்லாமல் போய்விட்டதால் நாமும் அப்படியே சொல்லலாம்.

அலுவலக அறையின் மூலையில் ஒரு மேசை, ஒரு போன், சைக்கிள் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். அவள் ராஜ்ஜியம் அவ்வளவுதான். ஆனால் காது இருக்கிறதே, அது பொல்லாத காது. அப்பா மாதிரிக் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு பேசும் பயல்களை முதல் சொல்லிலேயே பிடித்துவிடுவாள். தனக்குக் காய்ச்சல் என்று இருமிக் காட்டுகிறவனும் தொலைந்தான். நிஜமாகவே காய்ச்சல் வந்தவன் இருமிக் காட்டிக்கொண்டிருக்க மாட்டான், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனை வைக்கத்தான் பார்ப்பான் என்பது அவள் கண்டறிந்த உண்மை. பிடித்துவிட்டாலும் கத்த மாட்டாள். "சரி, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்வாள். மறுநாள் காலை அந்த 'அப்பா' சீருடை போட்டுக்கொண்டு தலைமை ஆசிரியர் அறை வாசலில் நின்றிருப்பார்.

காலையெல்லாம் இப்படி ஊரோடு பேசிவிட்டு மாலையில் வீடு திரும்பினால், பேச்சுக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. கணவர் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகனுக்குப் பக்கத்து நகரத்தில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. காலை பஸ்ஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம், அவ்வளவு தூரம்தான். ஆனாலும் அவன் வருவதில்லை. அடுத்த மாதம் வருகிறேன் என்பான். அந்த அடுத்த மாதம் வந்தபாடில்லை. அவள் போகட்டுமா என்று கேட்டாலும் ரூம் சரியில்லை, தண்ணீர் வரவில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பான். ஊரார் வீட்டையெல்லாம் காரணம் கேட்டவள் பெற்ற பிள்ளையிடம் மட்டும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அலமாரியில் அவன் வாங்கிய கோப்பைகள் வரிசையாக நின்றன. அதே பள்ளிக்கூடத்தில், ஒரு நாள்கூட மட்டம் போடாத மாணவன் என்று வருடா வருடம் கொடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவற்றைத் துடைத்து வைப்பாள்.

ஒரு கோடை விடுமுறையில் அந்தப் பள்ளிக்கூடத்தில் படம் பிடிக்க வந்தார்கள். மூன்று பையன்கள் மட்டம் போட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க அடிக்கும் லூட்டிதான் கதை. வகுப்பறைச் சாவியைக் கொடுக்க வந்தவள் இரண்டு வார்த்தை பேசியதுதான் தாமதம், இயக்குநர் பிடித்துக்கொண்டார். படத்தில் பையன்களின் வீடுகளுக்குப் போன் போடும் குரல் இதுதான், வேறு யாரும் வேண்டாம் என்றார். ஒரு பிற்பகல் முழுக்க அதே வசனத்தை விதவிதமாகச் சொல்ல வைத்துவிட்டு, கடைசியில் அவள் தினமும் சொல்கிற மாதிரியே எடுத்துக்கொண்டார்கள். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது.

மகனிடம் போனில் சொன்னாள். அவன், படம் வரட்டும், சேர்ந்தே பார்க்கலாம், கண்டிப்பாக வருகிறேன் என்றான். அவனாக வாய் திறந்து சொன்னது. அதை வைத்துக்கொண்டு அவள் மாதக்கணக்கில் சந்தோஷமாக இருந்தாள்.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். அவன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். அன்று காலையில் போன் வந்தது.

"அம்மா, காய்ச்சலா இருக்கும்மா. வர முடியாது போல இருக்கு" என்றான். சொல்லிவிட்டு இருமினான்.

அவள் வாய் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்துகொண்டது. "சரி, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

அவன் போனை வைத்துவிட்டான்.

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தியேட்டருக்குப் போனாள். பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்ந்துவிடாமல் கைப்பையை வைத்தாள். வராதவனுக்கு எதற்கு இடம் என்று அவளுக்கே தோன்றியது, ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை. படத்தில் போன் மணி அடித்தது. "இன்னிக்கு உங்க பிள்ளை வரலை. காரணம் தெரிஞ்சுக்கலாமா?" என்று அவள் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் குரல் தன்னிடமே கேட்பதுபோல அவளுக்கு இருந்தது. சொல்லக் காரணம் எதுவும் தெரியவில்லை. அழுதுவிட்டாள். சுற்றி எல்லோருமே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்து, வாசல் தூணோரம் நின்று மகனுக்குப் போன் போட்டாள்.

"நீ வரலை. காரணம் தெரிஞ்சுக்கலாமா?" முதல் முறையாக அந்தக் கேள்வியில் அவள் குரல் நடுங்கியது.

அவன் இருமவில்லை. "அந்தக் குரலைக் கேட்டா எனக்குப் பள்ளிக்கூடம்தாம்மா ஞாபகம் வருது. நான் பக்கத்துல போனாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. உங்கிட்ட போட்டுக் கொடுத்துடுவேன்னு பயம். வீட்டுக்கு வந்தாலும் அந்த அலமாரியைத்தான் பாக்கணும்."

"அப்படி ஒரு பேச்சு என் காதுல விழுந்ததே இல்லையேடா. நீ ஒரு நாளாவது மட்டம் போட்டிருக்கியா?"

"கூட மட்டம் போட எனக்கு யாரும்மா இருந்தாங்க?"

மறுநாள் காலை தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டு, காய்ச்சல், வர முடியாது என்றாள். மனிதர் அப்படியே நம்பி, நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார். பொய்யைப் பிடிக்க அவருக்குக் காது வேண்டாமா? அன்று மட்டம் போட்ட பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள், ஒரு வீட்டிலும் போன் அடிக்கவில்லை.

காலை பஸ் பிடித்துப் போய் அவள் தட்டிய கதவை மகன் திறந்தபோது மதிய ஷிஃப்டுக்காகக் கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அறையில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். தன் வீட்டையே பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"இன்னிக்கு மட்டம் போடுடா" என்றாள். "நானும் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். உனக்குக் கூட ஆள் இருக்கு."

அவன் போனை எடுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, காய்ச்சல் என்று ஆரம்பித்து, இருமுவதற்காகத் தொண்டையைச் செருமினான். அவள் சட்டெனப் போனைக் கையால் பொத்தினாள்.

"இருமாதடா" என்றாள் ரகசியமாக. "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வெச்சுடு."

அவன் அப்படியே செய்தான்.